நகரோரத்துப் பறவைகளும் அவற்றை எண்ணும் மக்களும்

வயலிலும் தோட்டத்திலும் பாடுபடுவோர் பறவைகளை அறியாதவரல்லர். உழவு இயந்திரத்தின் பின்னே நிரையாக நடந்து புழு பொறுக்கும் உண்ணிக்கொக்கையும், கதிர் பால் பிடித்ததும் கூட்டமாக வந்திறங்கும் நெல்லுக்குருவியையும், பயற்றங்கொடிக்கு நாட்டிய தடியில் இருந்து பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் கரிக்குருவியையும் அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். ஆயினும், தமது நிலத்துக்கு எத்தனை வகைப் பறவைகள் வருகின்றன, பத்து ஆண்டுகளுக்கு முன் வந்தவற்றுள் எவை இன்று வருவதில்லை என்று வினவின், திட்டமாக விடை கூறுவோர் மிகச் சிலரே. “முன்னர் நிறைய இருந்தன, இப்போது குறைந்துவிட்டன” என்பதே பொதுவாகக் கிடைக்கும் விடை. எவ்வளவு குறைந்தன, எப்போது குறைந்தன என்பன தெரியாவிடின், ஏன் குறைந்தன என்பதைக் கண்டறியும் வழியும் இல்லை.

இவ்விடயம் இக்காலத்தில் நகரையடுத்து வாழும் கமக்காரருக்கே பெரிதும் உரியதாகின்றது. யாழ்ப்பாண நகரையடுத்த திருநெல்வேலி, கோண்டாவில், கொக்குவில் ஆகிய இடங்களின் மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவே வீடுகளும் கடைகளும் எழுந்துவிட்டன. கொழும்பைச் சூழ்ந்த வயல்வெளிகளிலும் அவ்வாறே. வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் நகரம் வரம்புவரை வந்து நிற்கின்றது. ஆகவே நகரத்திற் பறவைகள் வாழ்வதும் வாழாதொழிவதும் எவற்றால் நிகழ்கின்றன என்பதை அறிதல், பூச்சியையும் எலியையும் நெல்லுக்குருவியையும் ஒருங்கே சமாளிக்க வேண்டியவரான நகரோரக் கமக்காரருக்குப் பயனுடையதாகும். இதுபற்றி நாம் இன்று அறிந்தவற்றிற் பெரும் பகுதி, சம்பளம் பெறாத சாதாரண மக்கள் ஓய்வு வேளையில் எண்ணி எழுதிய குறிப்புகளிலிருந்து வந்ததே.

எண்ணும் வழக்கம் தோன்றிய வகை

ஐக்கிய அமெரிக்காவில் கிறித்துமசுப் பெருநாட் காலத்தில் மக்கள் இரு கட்சியாகப் பிரிந்து துவக்குடன் புறப்பட்டு, எக்கட்சி கூடிய தொகையான பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்துகின்றது என்று போட்டியிடும் வழக்கமொன்று இருந்தது. பிராங்க் சப்மன் என்னும் பறவை நூலறிஞர், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்னும் யோசனையை 1900ஆம் ஆண்டு வெளியிட்டார். அவ்வாண்டு திசெம்பர் 25ஆந் திகதி 27 பேர் 25 இடங்களில் எண்ணி, ஏறக்குறைய 90 வகைகளைக் குறித்தனர். அக்கணக்கெடுப்பு இன்றுவரை தொடர்கின்றது. 15 மைல் விட்டமுள்ள ஒரு வட்டத்தைத் தெரிந்துகொண்டு, ஆண்டுதோறும் அதே வட்டத்தினுள் எண்ணுவதே அதன் முறை. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஒரே விதமாக எண்ணுதல் என்னும் இவ்விதியே அதன் உயிர்நாடியாம்.

இவ்விதியின் பயனை விளக்க இலண்டன் மாநகர்ச் செய்தி ஒன்று போதும். அந்நகரின் நடுவே கென்சிங்ரன் தோட்டம் என்னும் பெரும் பூங்கா உண்டு. 1925ஆம் ஆண்டில் மாக்ஸ் நிக்கல்சன் என்பவர் அப்பூங்காவிலிருந்த ஊர்க்குருவிகளை எண்ணினார். தொகை 2,603. அதே பூங்காவில் 1975ஆம் ஆண்டு எண்ணியபோது 544 குருவிகளே இருந்தன. 2000ஆம் ஆண்டில் எண்ணியவர்கள் கண்டவை எட்டே எட்டு. பூங்கா அழிக்கப்படவில்லை, மரங்களும் புல்லும் நீரும் அங்கேயே இருந்தன. நிக்கல்சன் 1925இல் ஒரு தாளில் அத்தொகையை எழுதி வையாதிருப்பின், ஊர்க்குருவி எல்லா இடத்தும் உள்ள அற்பப் பறவைதானே என்று எவரும் அதன் மறைவைக் கவனித்திரார்.

குருவிகள் குறைந்ததற்குக் காரணம் ஒன்றன்று. குதிரை வண்டிகள் ஒழிந்து மோட்டார் வண்டிகள் வந்தபோது, குதிரைக்கிட்ட தானியத்திற் சிந்தியதை உண்டு வாழ்ந்த குருவிகள் முதலிற் குறைந்தன. ஓட்டின் கீழும் சுவரிலும் இருந்த பொந்துகள், கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டபோது அடைபட்டன. மற்றொரு காரணத்தைக் கமக்காரர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். வளர்ந்த குருவி தானியம் உண்ணும். ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு முதற் சில நாட்களில் தானியத்தைச் செரிக்கமாட்டாது. அதற்குப் புழு, அசுகுணி, சிறு வண்டு முதலிய மெல்லிய பூச்சிகளே உணவு. இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரில் நடந்த ஆராய்ச்சியில், பூச்சி குறைந்த இடங்களிற் குஞ்சுகள் கூட்டிலேயே மாண்டமை அறியப்பட்டது. நமது தூக்கணாங்குருவியும் இவ்வாறே: கதிரில் நெல்லைக் கொத்தும் அதே பறவை, கூட்டிற் குஞ்சு இருக்கும்போது பூச்சியைத் தேடிப் பறக்கின்றது. அதனை எதிரியென்றோ நண்பனென்றோ ஒரே சொல்லில் தீர்த்துவிடல் இயலாது. எம்மாதத்தில் என்பதையும் கூறல் வேண்டும்.

பிரித்தானியாவில் 1979ஆம் ஆண்டு முதல் வீட்டுத் தோட்டங்களிற் பறவை எண்ணும் முறை ஒன்று நடைபெறுகின்றது. சனவரி இறுதியில் ஒரு மணி நேரம் தம் தோட்டத்தை நோக்கியிருந்து, ஒவ்வொரு வகையிலும் ஒரே சமயத்திற் கண்ட மிகக் கூடிய தொகையை எழுதுவர். பத்து முறை வந்து போன ஒரு மைனாவைப் பத்து மைனாவென்று எழுதும் தவறு இதனால் நீங்குகின்றது. 2014ஆம் ஆண்டிலிருந்து அந்நாட்டுக் கமக்காரருக்கென்றே வேறொரு கணக்கெடுப்பும் பெப்ரவரி மாதத்தில் நடைபெறுகின்றது. அதிற் கமக்காரர் தமது நிலத்தில் ஏறக்குறைய 5 ஏக்கர் பரப்பைப் பார்க்கத்தக்க ஓரிடத்தில் அரை மணி நேரம் நின்று எண்ணுகின்றனர்.

அயலிலுள்ள கேரளத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர், 2015 முதல் 2020 வரை மாநிலம் முழுவதையும் சிறு சதுரங்களாக வகுத்துக்கொண்டு, மழைக் காலத்தில் ஒருமுறையும் வறண்ட காலத்தில் ஒருமுறையுமாக எண்ணி 361 வகைகளைப் பதிவு செய்தனர். தமிழ்நாட்டிலே தைப்பொங்கலையொட்டிய நாட்களிற் பறவை எண்ணும் வழக்கம் 2015ஆம் ஆண்டிலிருந்து நிலைபெற்றுள்ளது. நமது நாட்டில் 1943இல் நிறுவப்பட்ட இலங்கைப் பறவைக் கழகத்தினரும், 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தோன்றிய களப் பறவையியற் குழுவினரும் பல்லாண்டுகளாக இத்தொண்டைச் செய்து வருகின்றனர். ஆசிய நாடுகளெங்கும் 1987 முதல் சனவரி மாதத்தில் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் இலங்கையும் பங்குகொள்கின்றது. மன்னார் வங்காலைச் சரணாலயத்திற்கு வடதிசையிலிருந்து வரும் தாராக்களும் பூநாரைகளும் இத்தகைய முயற்சியாலேயே கணக்கிடப்படுகின்றன.

நகரத்திற் பறவைகளை நிறுத்துவன எவை

இக்குறிப்புகளைத் திரட்டி நோக்கிய ஆராய்ச்சியாளர் கண்டவற்றுட் சிலவற்றை இங்கே கூறுவாம். 2014ஆம் ஆண்டில் உலகின் 54 நகரங்களின் பறவைப் பட்டியல்கள் ஒருங்கே ஆராயப்பட்டன. உலகப் பறவை வகைகளில் ஐந்திலொரு பங்கு நகரங்களிலும் காணப்படுகின்றது என்பது அதனாற் போந்த நற்செய்தி. ஆனால், நகரமாகாத நிலத்திற் பரப்பளவுக்கு இத்தனை வகை என்று எதிர்பார்க்கத்தக்க நாட்டுப் பறவைகளுள், நகரத்தில் எஞ்சுபவை நூற்றுக்கு 8 என்ற அளவினவே. மாடப்புறா, ஊர்க்குருவி போன்ற சில வகைகள் எங்கும் பரவி, நகரங்களை ஒன்றுபோலாக்கி விடுகின்றன.

நகரத்துக்கு நகரம் வேறுபாடு பெரிது. ஒரே நகரத்திலும் தெருவுக்குத் தெரு வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டின் முதற் காரணம் மரஞ்செடிகளின் அடுக்காகும். 1961இல் மக்காதர் சகோதரர் அமெரிக்கக் காடுகளில் ஆராய்ந்து, ஒரு நிலத்தின் பறவை வகைகளின் பெருக்கம் அங்குள்ள மர வகைகளின் தொகையைவிட, இலைகள் நிலத்தை அண்டியும், செடியுயரத்திலும், மரவுயரத்திலுமாகப் பல அடுக்கில் அமைந்திருத்தலையே பெரிதும் பொறுத்துள்ளது என்று காட்டினர். நகரத்துக்கும் இது பொருந்தும். வெட்டிச் சீராக்கிய புற்றரையும் நடுவில் ஒரு தனிமரமும் கண்ணுக்கு அழகாயிருக்கலாம். ஆனால் பற்றையிற் கூடுகட்டும் தையற்குருவிக்கும் தரையில் இரை தேடும் புலுனிக்கும் அங்கே இடமில்லை.

இரண்டாவது, மரம் எந்நாட்டு மரம் என்பது. வாசிங்ரன் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் நடத்திய ஆராய்ச்சியொன்று 2018இல் வெளிவந்தது. அங்கே வாழும் சிறு பூச்சியுண்ணிப் பறவையொன்று, தோட்டத்துச் செடிகளில் நூற்றுக்கு 70 பங்கேனும் அந்நாட்டுக்குரியனவாய் இருந்தாலன்றித் தன் இனத்தைப் பெருக்கி நிலைநிறுத்த இயலாது என்று அவ்வாராய்ச்சி காட்டிற்று. காரணம் எளிது. புழுக்கள் தமக்குப் பழகிய இலையையே தின்னும். பிறநாட்டு அலங்காரச் செடியின் இலை ஓட்டையின்றிப் பளபளவென்றிருக்கும்; புழுவில்லை, புழுவில்லாத இடத்திற் குஞ்சுக்கு உணவில்லை. அப்பறவை ஒருமுறை ஈன்ற குஞ்சுகளை வளர்க்க 6,000 முதல் 9,000 வரையான புழுக்களைக் கொண்டுவருகின்றதெனக் கணக்கிட்டுள்ளனர். இத்தொகையைக் கத்தரிப் பாத்தியிற் புழுப் பொறுக்கும் கமக்காரர் சற்று நினைத்துப் பார்ப்பாராக.

வகைகளின் தொகையை மாத்திரம் கொண்டு முடிவு கட்டலாகாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. கலிபோர்ணியாவிலுள்ள பாலோ அல்ரோ என்னும் நகரத்தில், காப்புக் காடு தொடங்கிக் கடைத்தெரு வரையான ஆறு இடங்களில் எண்ணி, 1996இல் முடிவு வெளியிட்டனர். வகைகள் மிகுந்திருந்தது காட்டிலுமன்று, கடைத்தெருவிலுமன்று; இடைப்பட்ட, ஓரளவு மாற்றமடைந்த நிலத்திலேயாம். ஆனால் ஆதியில் அங்கு வாழ்ந்த பறவைகளை மாத்திரம் பிரித்து நோக்கியபோது, காட்டிலிருந்து நகரை நோக்கி வரவர அவை குறைந்துகொண்டே வந்தன. புதியன வந்து சேர்வதாற் பழையன போனமை மறைந்துவிடுகின்றது. எனவே எத்தனை வகை என்பதுடன் எவ்வெவ்வகை என்பதையும் எழுதல் இன்றியமையாதது.

இன்னும் சில: பெரும் பசுமை நிலங்களும் அவற்றை இணைக்கும் மர நிரைகளும் வகைகளைப் பெருக்குகின்றன. வாகன இரைச்சலும் தன் பங்குக்கு இடர் செய்கின்றது. ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரத்தில், இரைச்சல் மிகுந்த இடத்து ஆண் குருவிகள் உரத்த இரைச்சலுக்கு மேற்படத் தம் பாட்டின் சுருதியை உயர்த்திப் பாடுகின்றன என்று 2003இல் அறியப்பட்டது. அரிசோனாவின் பீனிக்சு நகரத்திற் செல்வர் வாழும் பகுதிப் பூங்காக்களிற் பறவை வகைகள் மிகுதி, வறியோர் பகுதியிற் குறைவு என்றும் கண்டுள்ளனர். நமது நகரங்களில் இது மாறியும் இருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்: வசதியுள்ளோர் முற்றத்துக்குச் சீமெந்திடுகின்றனர், வசதி குறைந்தோர் முற்றத்தில் முருங்கை நிற்கின்றது. எண்ணிப் பார்த்தாலன்றி உறுதி கூறவியலாது.

வேலியும் சருகும் வட்டிழந்த பனையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் உயிர்வேலி, மேற்கூறிய அடுக்கு முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கிளுவையும் பூவரசும் ஆடாதோடையும் முள்முருக்கும் சேர்ந்த வேலியில் நிலத்தடியிற் சருகு, இடையிற் பற்றை, மேலே கிளை என மூன்றும் உண்டு. ஒழுங்கைக்கு ஒழுங்கை, வளவுக்கு வளவு தொடர்ந்து செல்லும் அவ்வேலி, பறவைக்கு மறைவிடமாகவும் வழியாகவும் அமைகின்றது. தோட்டத்துக்கு அது பசுந்தாட் பசளையும், ஆட்டுக்குக் குழையும், காற்றுத் தடையும் தந்தது. இன்று அதன் இடத்திற் சீமெந்து மதில் எழுகின்றது. மதில் கட்டுவோரைக் குறை கூறுதல் நமது நோக்கமன்று. வேலி கட்டக் கூலியாள் கிடையாமையும், ஆண்டுதோறும் கதியால் போடுஞ் செலவும், காணி எல்லைத் தகராறும் யாவரும் அறிந்தவை. எனினும் மதிலின் உட்புறமாக இரண்டடி அகலத்தில் ஒரு நிரை செடி விடுதல் பெரும்பாலான வளவுகளில் இயலும். அவ்வாறு விட்ட வளவில் தையற்குருவியும் கொண்டைக்குருவியும் நிற்கும். விடாத வளவிற் காகம் மதிலின்மேல் வந்திருக்கும்.

சருகு பற்றியும் ஒரு சொல். ஐப்பசி மாதமளவில் வடக்கேயிருந்து வந்து நம் நாட்டில் தங்கி, பங்குனி, சித்திரையில் மீளும் பறவை ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஏறக்குறைய அந்நேரத்திற் கூவுதலால் இப்பெயர் பெற்றது. கொழும்பு நகரத்துத் தோட்டங்களிற்கூட அது தங்குவதுண்டு. மர நிழலிற் சருகைக் கிளறிப் பூச்சியும் மண்புழுவும் தின்பதே அதன் வாழ்வு. முற்றம் முழுவதையும் நாள்தோறும் கூட்டிச் சருகைக் கொளுத்தும் வளவில் அது ஒருநாள் இறங்கிப் பார்த்து அப்பாற் போய்விடும். சருகைக் கொளுத்தாது, மா, தோடை, வாழை இவற்றின் அடியில் மூடுபடையாக இடுமாறு நாம் பல முறை கூறி வந்துள்ளோம். ஈரம் காத்தற்கும் மண் வளத்துக்கும் கூறிய அதே ஆலோசனை, இத்தொலைதூர விருந்தாளிக்கும் உணவளிக்கின்றது.

வட்டிழந்த பனைகளை விறகுக்கெனத் தறித்துவிடுதல் வழக்கம். பட்டு நிற்கும் பனையின் பொந்தில் கிளியும் மைனாவும் கூடு வைக்கும். கிளியைத் தோட்டக்காரர் விரும்பார் என்பது உண்மை. ஆனால் இத்தகைய பொந்தையும் பழைய கட்டட மோட்டையும் நாடும் கூகை, எலியையே முதன்மை உணவாகக் கொள்வது. சாக்குருவி என்று அதனைக் கல்லெறிந்து துரத்துவோர், அவ்விரவே வயலில் எலி வெட்டிய நெற்பயிரையும் எண்ணிப் பார்த்தல் நன்று. விழுந்து ஆபத்து விளைவிக்காத இடத்தில் நிற்கும் பட்ட பனை ஒன்றிரண்டை விட்டு வைக்கலாம்.

வயலாய் இருந்த ஈரநிலம்

கொழும்பு மாநகரம் 2018ஆம் ஆண்டில் இராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்னும் சிறப்பைப் பெற்ற முதல் 18 நகரங்களுள் ஒன்றாயிற்று. பெத்தகான, தியசரு, தலங்கமைக் குளம், 1990இற் சரணாலயமாகிய பெல்லன்வில–அத்திடிய ஆகியன அந்நகரையும் அதன் அயலையும் சேர்ந்தவை. கட்டடங்களுக்கு மத்தியில் கூழைக்கடாவும் நீலத்தாழைக்கோழியும் மீன்கொத்தியும் வாழ்வதற்கு இவையே காரணம். இவ்வீரநிலங்களுட் பல ஒருகாலத்தில் நெல் விளைந்த வயல்களாம். தலங்கமையில் இன்றும் குளத்தோடு ஒட்டி வயல் செய்யப்படுகின்றது. மழை வெள்ளத்தைத் தாங்கி நிறுத்துவதும் இத்தாழ்நிலமே. அதனை நிரப்பி வீடு கட்டியபின், வெள்ளம் வீட்டுக்குள் வருகின்றது. நகரோர வயலைச் செய்யாது விட்டு மண்ணிட்டு நிரப்புமுன், செய்கை பண்ணப்படும் வயலும் நகரத்துப் பறவைகளின் நீர்நிலைகளுள் ஒன்றென்பதை அயலவரும் ஆட்சியினரும் அறிதல் வேண்டும். அதற்குச் சான்று காட்ட வல்லது அவ்வயலில் எடுத்த பறவைக் கணக்கு.

பெருகுவனவும் கணக்கிற்குரியன

குறைவதை மாத்திரம் எண்ணுதல் பிழை. திறந்த குப்பைமேடு உள்ள நகரத்திற் காகம் பெருகும். பெருகிய காகம் பிற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் கவரும். மயிலின் செய்தி கமக்காரருக்கு நன்கு தெரியும். முன்னர் உலர்வலயத்துக்கே உரியதாக இருந்த மயில் இன்று ஈரவலய மாவட்டங்களிலும் விதைத்த நெல்லையும் மரக்கறி நாற்றையும் கிளறுகின்றது. காடு வெளியாக்கப்பட்டமையும், தரிசும் பற்றையுமாகக் கைவிடப்பட்ட நிலம் பெருகியமையும் அதற்கு உதவின.

2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆந் திகதி காலை 8 மணி முதல் 5 நிமிடத்துக்கு, நாடெங்கும் குரங்கு, மர அணில், மயில் ஆகியவற்றை வளவிலும் தோட்டத்திலும் கண்டவாறு எண்ணியமை பலருக்கும் நினைவிருக்கும். குரங்குக் கூட்டம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சென்று இருமுறை எண்ணப்படாதிருக்கவே யாவரும் ஒரே ஐந்து நிமிடத்தில் எண்ணுமாறு விதிக்கப்பட்டது. அத்தகைய கணக்கு அந்நாளின் நிலையைக் காட்டும். பெருகுகின்றதோ குறைகின்றதோ என்று அறிய, அதே முறையில் மீண்டும் மீண்டும் எண்ணுதல் வேண்டும். அதனை ஒவ்வொரு கமக்காரரும் தம் நிலத்தில் தாமே செய்யலாம்.

எண்ணும் முறை

மாதம் ஒருமுறை போதும். பூரணை நாள் விடுமுறையாதலாலும் மறக்கவியலாததாலும் அந்நாளைக் கொள்ளுதல் வசதி. சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்குக. மழையும் பெருங்காற்றும் உள்ள காலை எனின் மறுநாள் எண்ணுக. நிலத்தில் நான்கு இடங்களைத் தெரிந்துகொள்க: வேலியோரம் ஒன்று, வரம்பு நடுவில் ஒன்று, கிணறு அல்லது வாய்க்காலருகில் ஒன்று, வீட்டு வளவில் ஒன்று. ஒவ்வோரிடத்திலும் பத்து நிமிடம் அசையாது நின்று, கண்டவற்றையும் குரல் கேட்டவற்றையும் குறிக்க. ஒவ்வொரு வகையிலும் ஒரே சமயத்திற் கண்ட மிகக் கூடிய தொகையே எழுதப்படல் வேண்டும். இடத்தை மாற்றலாகாது.

கொப்பியில் முதலில் திகதி, நேரம், வானிலை. அடுத்துப் பயிரின் நிலை: விதைப்பு, மட்டம் வெடித்தல், குடலை, பால், முற்றல், அறுவடை. பின்னர், சென்ற ஏழு நாட்களுள் கிருமிநாசினி தெளித்தீரா, தெளித்ததாயின் எது என்பது. இவ்விரண்டும் இல்லாத பறவைக் கணக்கு நகரத்தவருக்குப் போதுமாயினும் கமக்காரருக்குப் போதாது.

பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுதற்க. ஊர்க்குருவி அளவா, மைனா அளவா, காக அளவா, அலகு நீண்டதா குறுகியதா, வால் எத்தகையது, நடந்ததா தத்தியதா என்று எழுதின் பின்னர் பெயர் கண்டுபிடிக்கலாம். அயலூரிற் பயன்படும் பெயரையே எழுதுக. புலுனி, செண்பகம், குக்குறுவான் என்பன நல்ல பெயர்களே. கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகள், 2002இல் அமெரிக்காவிற் தொடங்கப்பட்ட ஈபேர்டு என்னும் உலகப் பறவைப் பதிவேட்டில் அதே குறிப்பைச் சேர்க்கலாம். பாடசாலைப் பிள்ளைக்குக் காது கூர்மையாதலால் எண்ணும்போது உடன் வைத்துக்கொள்ளுதலும் நன்று.

தன்னார்வலர் கணக்குகளில் வழக்கமாய் நேரும் குறைகள் இரண்டு. அருமையான பறவையை எழுதிக் காகத்தையும் மைனாவையும் விட்டுவிடுதல் ஒன்று. இலண்டன் ஊர்க்குருவியின் கதையை அறிந்தோர் அதைச் செய்யார். பறவை காணாத நாளில் ஒன்றும் எழுதாது விடுதல் மற்றொன்று. நின்று பார்த்தும் ஒன்றுமில்லையாயின் ‘இல்லை’ என்று எழுதுக. எழுதாத நாள் எண்ணாத நாளா, பறவையற்ற நாளா என்பது பின்னர் எவருக்கும் விளங்காது.

ஈராண்டு எழுதிய கொப்பி பல வினாக்களுக்கு விடை தரும். நெல்லுக்குருவி உங்கள் வயலில் எப்பயிர் நிலையில் இறங்கி எத்தனை நாள் நிற்கின்றது என்பது தெரிந்தால், காவலையும் வெருளியையும் அந்நாட்களுக்கு மாத்திரம் ஒழுங்கு செய்யலாம். வெருளி நெடுநாள் நின்றாற் பறவை அதற்குப் பழகிவிடும். கரிக்குருவி வந்திருக்கவென வயலில் நாட்டும் தடிகளை இளம்பயிர்க் காலத்தில் வைத்து, கதிர் வெளிவந்ததும் எடுத்துவிடுக. இல்லையேல் நெல்லுக்குருவியும் அதில் வந்திருக்கும். தெளித்த வாரத்திற் பூச்சியுண்ணிப் பறவைகள் எவ்வளவு குறைந்தன, மீள எத்தனை நாள் சென்றன என்பதையும் உங்கள் எழுத்தே காட்டும். மேலதிகமாகத் தெளிக்குமுன் அப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க.

வருடத்தில் ஒருமுறை, தைப்பொங்கலை அண்டிய கிழமையில், ஒரு கண்டத்துக் கமக்காரர் யாவரும் ஒரே காலையில் எண்ணுவாராயின் மிக நன்று. காலபோக நெல் அப்போது பல இடங்களிற் கதிர்ப் பருவத்தில் நிற்கும். வடக்கிலிருந்து வந்த பறவைகளும் இங்கேயே இருக்கும். கமக்காரர் அமைப்பின் செயலாளர் கொப்பிகளைச் சேர்த்து, பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு பிரதி கொடுப்பாராக. ஆறுமணிக்குருவியின் குரலை முதலிற் கேட்ட நாளையும் கடைசியாகக் கேட்ட நாளையும் கொப்பியின் பின்னட்டையில் தனியே எழுதி வைக்க.